கருவாட்டுக் கடைக்காரரின் பத்துப் பெண் பெயர்கள்

கும்மிடிப்பூண்டியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த மொஹசின், 2008இல் ஆர்குட் இணையதளத்தில் சென்னைச் சமையல் குழு ஒன்றில் பத்துப் பெண் பெயர்களில் சேர்ந்தார். இவ்வளவு பெரிய மீசைக்கு இது தேவையா? பத்துப் பெண்களும் அவர் கடை இறால் கருவாட்டை அச்சு மாறாமல் ஒரே வரியில் புகழ்ந்தார்கள். குழுவில் ஒருவரும் சீண்டவில்லை.

அவர் மனைவி ஷஹனாஸ் அதே குழுவில் சொந்தப் பெயரிலேயே எழுதினார்: "அது எங்க கடைதான். மழையில இறால் சரியா காயல. பத்து நாள் கழிச்சி வாங்குங்க."

மொஹசின் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பத்தாம் நாள் ஷஹனாஸ் சொன்னதை நம்பிக் குழுவினர் சென்னையிலிருந்து கார்களில் வந்து இறங்கினார்கள். மதியத்துக்குள் கடை காலி.

வெட்கமே இல்லாமல் மனைவியிடம் வந்தார்.

"அடுத்த சரக்கையும் கொஞ்சம் திட்டி எழுதேம்மா."

"அது நல்லா காஞ்சிருக்கு, இன்னாத்த திட்றது? வேணும்னா உங்களப் பத்தி எழுதட்டா?"