ஈயச் சீல் வைத்த பெட்டி

நாராயணம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மத்திகிரியைத் தாண்டி, ஆட்டு நோய்க்குத் தடுப்பூசி தேடிய ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களை வேகவைத்துக் கழுவி அடுக்குவது அவள் வேலை. வாய் திறக்க மாட்டாள். கண் மட்டும் எதையும் விடாது. அவளுடைய பதினோரு ஆடுகளும் போன ஐப்பசியில் அந்த நோயில்தான் போயின.

டாக்டர் சென்னப்பன் மூன்று வருடமாக வீரியம் குறைத்து வளர்த்த கிருமி அங்கே ஒரு செப்பு இன்குபேட்டரில் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் உயிரை வைத்திருந்தது. இன்னும் ஒரு வருடம் பிழைத்தால் தடுப்பூசி, செத்தால் முதலிலிருந்து.

செப்புப் பெட்டியின் அடி ஓட்டையாகிவிட்டது.

பெங்களூர்க் கடைக்காரர் முனிராஜ் வந்து அதே போல ஒன்றின் படத்தைக் காட்டினார். "கெட்டா ஒரு கார்டு போடுங்க சார். மறுநா மொத பஸ்ல வந்துடறேன்."

அவர் போனதும் குமாஸ்தா மாரிசாமி விதிப் புத்தகத்தைத் திறந்தார். "அத்திப்பள்ளி தாண்டினா மைசூர் ராஜ்யம் சார். ஆடிட்காரன் என்னைத் தின்னுடுவான். மெட்ராஸ் கம்பெனிதான் எடுக்கணும்."

"மெட்ராஸ் இருநூறு மைல்யா."

"இருந்தாலும் நம்ம ராஜ்யம்."

மெட்ராஸ் பெட்டி மின்சாரத்தில் ஓடுவது. நாராயணம்மா காபித் தட்டோடு நின்றாள். கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சாயங்காலம் ஏரிப் பக்கம் மோட்டார் ஓடறப்ப இங்க பல்பு பீடி நெருப்பாட்டம் ஆயிடுதுங்க சார். நின்னதும் பளிச்சுனு எரியுது."

"இனிமே டெண்டர நம்ம நாராயணம்மாவே பாத்துக்கட்டும்" என்றார் மாரிசாமி. சென்னப்பனும் சிரித்துவிட்டார். அவள் பின்வாங்கினாள்.

பழையதை ஒப்படைத்தால்தான் புதியதைக் கணக்கில் ஏற்றலாம் என்பது இன்னொரு விதி. செப்புப் பெட்டி வண்டியேறிச் சேலம் ஜில்லா ஆபீசுக்குப் போனது. வெள்ளைப் பெட்டி வந்தது, முதுகில் ஈயச் சீலோடு.

பதினெட்டாம் நாள் காலையில் அவள் கதவைத் திறந்தபோது வெந்த வாடை அடித்தது. மின்சாரம் ஏறி இறங்கியதில் சூட்டை நிறுத்தும் விசை ஒட்டிக்கொண்டிருந்தது. குழாய்களில் இரண்டு மட்டுமே தப்பியிருந்தன.

சென்னப்பன் கார்டு போட்டார்; அது கிடைத்த மறுநாளே, சொன்னபடி, முனிராஜ் முதல் பஸ்ஸில் வந்தார். "பத்து நிமிஷ வேலை சார். சீலை மட்டும் ஒடைக்கணும்."

"ஒடைச்சா கம்பெனி பொறுப்பில்லனு எழுதியிருக்குது" என்றார் மாரிசாமி.

சென்னப்பன் அந்த ஈயத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெட்ராஸுக்குத் தந்தி எழுத உட்கார்ந்தார். முனிராஜ் மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

இரண்டு குழாய்களையும் நாராயணம்மா வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து நீர் மாற்றினாள். நான்கு நாள் வீட்டுக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் சென்னப்பன் அதிலிருந்து எடுத்துப் புதிய குழாயில் இட்டார். ஒன்றும் முளைக்கவில்லை.

தந்தி போட்ட பதினோராம் நாள் மெட்ராஸ் மெக்கானிக் வந்தார். பத்து நிமிடம்தான் ஆனது. பெட்டி வேண்டிய சூட்டில் நின்றது. உள்ளே வைக்கத்தான் எதுவும் இல்லை.

செத்த கிருமியானாலும் குழாயை வேகவைத்துத்தான் கழுவ வேண்டும். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். மாரிசாமி வாசலில் வந்து நின்றார்.

"அந்த பல்பு சமாச்சாரம்... இன்னொரு தரம் சொல்லும்மா. மேல எழுதிப் போடலாம்."

குரலில் கேலி இல்லை. அவள் குழாய்களை ஒவ்வொன்றாகக் கொதிநீரில் இறக்கினாள்.