துணியில் வந்த சிவப்பு

மனைவி வந்து இறங்குவதற்கு இருபத்தாறு நாட்கள் இருந்தன. அதற்குள் காரின் பொனெட்டைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று மாத உதவிக்கென்று மெல்பேர்ன் போனவள். பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, கதைக்கத் தொடங்கியது. மூன்று மாதம் இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆயிற்று. இப்போது வருகிறாள். வந்து இங்கேயே நின்றுவிடுவாளா, திரும்பிப் போய்விடுவாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாம் அவள் விட்டுப்போனபடியே இருந்தால் நிற்பாள் என்று எனக்குள் ஒரு எண்ணம். திரைச்சீலைகளைத் தோய்த்துப் போட்டேன். குசினியில் ஒழுகிய குழாயை மாற்றினேன். கார் மட்டும் மிச்சம்.

கடும் சிவப்பு நிறத்தில் பழைய ஜப்பான் கார். மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாத அந்தக் காலத்துப் பெயின்ற். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எது கெட்டாலும் காரணம் ஒன்றுதான்: உப்புக்காற்று. யன்னல் கம்பியைத் தின்னும், ஏசி பெட்டியைத் தின்னும், சைக்கிள் மணியைத் தின்னும். ஆகவே பொனெட் வெளிறி, சோக்குத்தூள் படிந்ததுபோல ரோஸ் நிறமானபோது நானும் கடலைத்தான் குற்றம் சொன்னேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு வாளி, பழைய பெனியன் துணி, தேய்த்து மினுக்கும் பசையான ரபிங் கொம்பவுண்ட் தகரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன். வட்டம் வட்டமாகத் தேய்க்கத் துணி சிவக்கும். உப்பும் அழுக்கும் கழன்று வருகின்றன என்று நினைத்தேன். 'இன்று துணியில் நல்ல சிவப்பு. வேலை திருப்தி' என்று தினக்குறிப்பில் எழுதியும் இருக்கிறேன். முடிந்ததும் பொனெட் பளபளக்கும். இரண்டு கிழமையில் மங்கும். நான் இரண்டு கிழமை பொறுப்பதில்லை.

இந்த முறை எனக்குச் சரிவரவில்லை. முன்விளிம்பில் சாம்பல் நிறமாக ஒரு கோடு தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க அகலமானது. கந்தோரில் கூட வேலை செய்யும் ஒருவரிடம் விசாரித்து, சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குக் காரைக் கொண்டுபோனேன். கோயில் ஒன்றின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும், என் வயதொத்த பாஸ் ஒருவர் இருந்தார். வாயில் வெற்றிலை. காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"உப்புக்காற்று," என்றேன். "வெள்ளவத்தையில கடலோட இருக்கிறம்."

அவர் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடினால் மறையும் உள்விளிம்பைக் காட்டினார். அங்கே கடும் சிவப்பு அப்படியே இருந்தது. பிறகு ஒரு முக்காலியில் என்னையும் ஏற்றி, கூரையின் நடுவைக் காட்டினார். மங்கித்தான் இருந்தது, ஆனால் துணியால் இரண்டு தரம் தேய்த்துக் காட்டியதும் ஆழமான சிவப்பு எழுந்தது.

"சேர், கடல் காத்து பொனெட்டுல மட்டும் அடிச்சிட்டு கூரைக்கு லீவு குடுக்குமா?"

எனக்கு விளங்கவில்லை.

"கூரை நடுவுக்கு உங்க கை எட்டாது. அதனால அது தப்பிச்சிருக்கு." வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கொம்பவுண்ட்ங்கிறது மண்ணுத்தாள் மாதிரி சேர். துணியில செவப்பு வந்தா அது அழுக்கில்ல, பெயின்ற். வருஷத்துக்கு ஒருக்கா போதும். நீங்க எத்தன வாட்டி தேச்சீங்க?"

"அடிக்கடி," என்றேன். அப்படி உறுதியில்லாத ஒரு சொல்லை நான் வழக்கமாகப் பாவிப்பதில்லை.

சாம்பல் கோடு அடிப்பூச்சு. இன்னும் ஒருமுறை தேய்த்தால் பொனெட் முழுக்க அதுதான் தெரியும் என்றார். பொனெட்டுக்கு மட்டும் புதிதாக அடிக்கலாம். ஆனால் கதவுகளோடு ஒட்டாது, கிழவனுக்கு முன்பல்லு மட்டும் புதுசா கட்டின மாதிரி இருக்கும் என்றார்.

"என்ன அவசரம்? யாராவது வாங்க வாறாங்களா?"

"மனிசி வாறா. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு."

"அப்ப அவங்க கார பாக்க மாட்டாங்க சேர்," என்று சிரித்தார். "மெழுகு மட்டும் போட்டு வுடுறேன். கையால. நீங்க தொடாதீங்க."

வீட்டுக்கு வந்து தினக்குறிப்புகளை எடுத்து எண்ணினேன். அவள் இருந்த காலத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை தேய்த்திருக்கிறேன். அவள் போன பிறகு தொண்ணூற்றேழு முறை. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இருந்தன. மழை பெய்த ஞாயிறுகளில் 'மழை. இயலவில்லை' என்று மட்டும் இருந்தது. அந்த நாட்களில் வேறு என்ன செய்தேன் என்று ஒரு பக்கத்திலும் இல்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது பாஸ் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவள் காரைப் பார்க்கவில்லை. கைத்தொலைபேசியில் பேரனின் குரலைக் கேட்டுக்கொண்டே வந்தாள். திரைச்சீலையையும் குழாயையும்கூடப் பார்க்கவில்லை. "நல்லா மெலிஞ்சு போனியள்," என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சந்தைக்குப் போகக் கீழே இறங்கியபோதுதான் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இந்த இடத்தில என்ன, சாம்பலாக் கிடக்கு?"

"நான் தேய்ச்சது. கொஞ்சம் கூடிப்போச்சு."

"எத்தினை தரம் தேய்ச்சனீங்கள்?" என்னிடம் எண்ணிக்கை இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"தொண்ணூற்றேழு."

அவள் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் ஒரு இடமும் போறேல்லையோ? ஒருத்தரும் வாறேல்லையோ?"

"காருக்கு வேலை இருந்தது."

"ஃபோன் எடுக்கிற நேரமெல்லாம் 'எல்லாம் ஒழுங்கா இருக்கு' எண்டுதானே சொன்னனீங்கள்."

"ஒழுங்காத்தானே இருந்தது."

அவள் சந்தைப் பையைப் பொனெட்டின் மேல் வைத்தாள். வழக்கமாக நான் அதற்கு ஏசுவேன். "நான் நிக்க வரேல்ல," என்றாள். "உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். பிள்ளையை விட்டிட்டு இனி எனக்கு இருக்க ஏலாது. இதை ஆருக்கும் வித்துப்போட்டு வாங்கோ."

"ஓய்வுக்கு இன்னும் பதினாறு மாசம் கிடக்கு. நீர் கொஞ்சம் பொறும்."

"பதினாறு மாசத்தில கதவிலயும் பெயின்ற் இருக்காது," என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. நான் பையை எடுத்துப் பின்சீட்டில் வைத்தேன். இருவரும் சந்தைக்குப் போனோம். கத்தரிக்காயும் பாரை மீனும் வாங்கினோம்.

அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவள் நின்ற மூன்று கிழமையும் அப்படியே போயிற்று. விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகுமுன் திரும்பினாள்.

"யோசிச்சு எழுதுங்கோ. உங்கட கொப்பியில இல்லை. எனக்கு."

தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கை அவள் இழுத்து வைத்தபடியே முன்னால் இருந்தது, பின்னுக்குத் தள்ளவில்லை.

இன்றோடு ஆறு ஞாயிறு. காரைத் தண்ணீரால் மட்டும் கழுவுகிறேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு மேலே வந்து மேசையில் இருந்து கைத்தொலைபேசியை எடுக்கிறேன். 'வருகிறேன்' என்று தட்டச்சு செய்கிறேன். அடுத்து 'எப்போது' என்பது வர வேண்டும். திகதி இல்லாத வாக்கியத்தை என்னால் அனுப்ப முடிவதில்லை, அழிக்கிறேன்.

இப்போது இங்கே பகல் ஒரு மணி. அங்கே பிள்ளையைக் குளிக்கவார்க்கும் நேரம். தொலைபேசி அவள் கைக்கு எட்டாது. அவள் அதை எடுத்துப் பார்க்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. மறுபடியும் அந்த ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.