சேர்மன் லோட் ஆகிறார்

போன வாரம் என் மகள் படிக்கிற கல்லூரியிலிருந்து போன் வந்தது. "பேரன்ட் உடனே வரணும்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

'உடனே' என்ற சொல் என்னை என்ன பாடு படுத்தும் என்று வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். மயங்கி விழுந்தாளா? படியில் சறுக்கினாளா? இல்லை, யாரையாவது... வேண்டாம், அதைச் சொல்லுவானேன்! தைத்துக்கொண்டிருந்த பிளவுசை ஒற்றைக் கையோடு மெஷினிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். மார்த்தாண்டம் ஜங்ஷனில் பஸ் நகரவே இல்லை. அதற்குள் நான் மனதுக்குள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோசும் ஏற்றிவிட்டேன்.

போய்ப் பார்த்தால்... ஒரு படம்!

ஷைனி கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் கடைசி வருஷம். அவளும் தோழி ரம்யாவும் புராஜெக்டுக்காக ஒரு கேம் செய்கிறார்கள். கடற்கரையில் ஏலம் எடுத்த மீனை, ஐஸ் உருகுவதற்குள் ஒரு பெண் கருங்கல் ஊர்ச் சந்தையில் சேர்க்க வேண்டும். நாய் துரத்தும். மழை கொட்டும். பஸ் நிற்காது. இதுதான் ஆட்டம். புரோகிராம் ரம்யா, படமெல்லாம் ஷைனி.

கேம் திறக்கும் முன் கம்ப்யூட்டர் கொஞ்சம் மூச்சு வாங்குமாம். அந்த நேரத்தில் சும்மா இருக்காமல் ஒரு படத்தைக் காட்டும். லோடிங் ஸ்கிரீன். அதை வரைவதற்காகத்தான் என் தலையில் சும்மாடு வைத்து, மீன் சுமக்கிற அலுமினியச் சருவத்தையும் ஏற்றி, முற்றத்தில் நிறுத்தியிருந்தாள்.

"எம்மா, கழுத்த நேரா வையி."

"யாராவது பாத்தா என்னட்டி நெனைப்பாவ?"

"சினிமாப் படம் பிடிக்குதாவன்னு நெனைப்பாவ. மூஞ்சிய கொஞ்சம் கோவமா வையி. பஸ் நிக்காம போவுது, கேட்டியா?"

"எனக்குக் கோவம் வராது மக்கா. பயந்தான் வரும்."

"அப்ப அந்தப் பயத்தையே வையி."

வைத்தேன். அது நன்றாகவே வந்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் சருவத்தோடு ஒரு பெண். கொஞ்சம் தள்ளி, நிற்காமல் போகும் பஸ்ஸின் முதுகு. கேம் லோட் ஆக ஆக, சருவத்திலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். "லோடிங்னா காத்து நிக்கதுதான? இவள விட யாரு காத்து நிக்கா?" என்றாள். சேலை மடிப்பு முதற்கொண்டு எல்லாம் வெறும் மவுஸால் வரைந்தது. கை வலிக்குத் தைலம் தேய்த்தவள் நான்.

அந்தப் படத்தைத்தான் துறைத் தலைவர் இப்போது தன் கம்ப்யூட்டரில் என் பக்கம் திருப்பினார்.

"பாருங்கம்மா. வெளியிலிருந்து எக்ஸாமினர் வாறாங்க. தொறந்ததும் மொதல்ல என்ன தெரியுது? மீன்காரி! ஸ்கிரீனே நாறும் போல இருக்கு. காலேஜுக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா? உங்க மக மாத்த மாட்டேங்கா."

"என்ன படம் வைக்கணும் சார்?"

"சேர்மன், கரஸ்பாண்டன்ட், பிரின்சிபால். கீழ நான்."

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் உலை கொதிப்பது அந்தச் சருவத்தை நம்பித்தான். அது கிடக்கட்டும். படத்தில் நிற்பவளே அவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்! அவருக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால்தானே தெரியும்?

இருந்தும், "சரி சார்" என்றேன்.

வெளியே வந்ததும் ஷைனி பிடித்துக்கொண்டாள். "நீ எதுக்கு சரின்னு சொன்ன?"

"மார்க்கு அவரு கையில இருக்குல்லா மக்கா."

"படம் என் கையால வரைஞ்சதுல்லா?"

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் பிளக்ஸ் எண்ணிக்கொண்டே வந்தேன். நம் மாவட்டத்தில் முகம் இல்லாமல் எதுதான் நடக்கிறது? மண்டைக்காடு கோயில் கொடைவிழாவுக்குப் போகும் வழியைப் பாருங்கள். பக்தர்களை வரவேற்கிறவர்கள் அம்மனை விடப் பெரிதாக நிற்கிறார்கள். சர்ச் திருவிழாவா, அதுவும் அப்படித்தான். காதுகுத்துக்கு பிளக்ஸ். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூடச் செத்தவர் மூலையில் இருக்கிறார், கண்ணீர் விடுகிறவர்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள்! மிச்சமிருந்தது ஒரு லோடிங் ஸ்கிரீன். அதையும் விட மாட்டார்களா?

விடவில்லை. ஆபீசிலிருந்து போட்டோக்கள் வந்தன. கல்லூரி வாசல் ஆர்ச்சில் பிளக்ஸ் அடிக்க எடுத்தவை. கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றும் மலை கனம். "சின்னதாக்கிரட்டா சார்?" என்று ரம்யா கேட்டிருக்கிறாள். "சேர்மன் முகம் கலங்கிரும். வந்தபடியே வையி" என்று உத்தரவு. வைத்தார்கள். கேமைத் திறந்தால் ஸ்கிரீன் கருப்பு. கருப்பு... கருப்பு...

ரம்யா எனக்கே போன் போட்டாள். "ஆன்ட்டி, சேர்மன் லோட் ஆவ மாட்டேங்காரு!"

கேம் லோட் ஆகும்வரை காட்டுவதற்குத்தான் அந்தப் படம். இப்போது அந்தப் படம் லோட் ஆகும்வரை காட்ட இன்னொரு படம் வேண்டும். துறைத் தலைவர் பதறிவிட்டார். "கருப்பா கெடந்தா அபசகுனம். அதுவரைக்கும் எதையாவது போட்டுத் தொலைங்க."

எதையாவது! ஷைனியிடம் கனமில்லாத ஒரு படம் தயாராக இருந்ததே.

நேற்று புராஜெக்ட் ரிவ்யூ. வராதே என்றாள். போனேன். லேப் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எக்ஸாமினர் கண்ணாடி போட்ட ஒரு மேடம். கேமைத் திறந்தார்கள். ஸ்கிரீனில் நான் தெரிந்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மேடம் முன்னால் சாய்ந்தார்.

"இது யாரு வரைஞ்சது?"

"நான் மேடம்."

"பஸ் நிக்கலையா?"

"நிக்காது மேடம்."

மேடம் தலையாட்டிக்கொண்டே பார்த்திருக்க, திடீரென்று மாலை போட்ட முட்டை வட்டங்களுக்குள் சேர்மன் முதலான பெரியவர்கள் எழுந்தருளினார்கள்.

"இவங்கள்லாம் கேம்ல என்ன பண்றாங்க?"

துறைத் தலைவர் இருமினார். ரம்யா பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஒண்ணும் பண்ணல மேடம்."

முடிந்து வெளியே வந்த துறைத் தலைவரை நானே மறித்தேன். கழுத்தை நேராக வைத்துக்கொண்டேன். கேட்டுவிட்டேன். "சார், அந்த மீன்காரி நான்தான். நான் நாறுதேனா?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே, ரம்யா மறுபடி திறந்திருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி என்னை.

"அய்யோ, அப்படிச் சொல்லல்லம்மா... மேடத்துக்குப் பிடிச்சிருக்கு, படம் இருக்கட்டும். போட்டோவ எல்லாம் எடுத்துரலாம். ஆனா காலேஜ் பேரு எங்கயாவது வரணுமே" என்று தாடையைத் தடவினார். சட்டென்று முகம் மலர்ந்தது. "ஆங்! அந்த பஸ்ஸு முதுகு காலியாத்தான கெடக்கு? அதுல பெருசா எழுதிரலாம்!"

பின்னாலேயே வந்த ஷைனி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நிக்காத பஸ்ஸுதான சார்? எழுதிருவோம்."

இத்தனை நாளில், நாங்கள் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட யோசனை அது ஒன்றுதான்.