உயிரோடு இருக்கும் லூர்தம்மாவுக்கு ஆன்மா பூசை

இன்று காலைப் பூசையில் வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

செம்பாக்கம் லூர்தம்மாவுக்கு இன்றோடு தொண்ணூறு வயது. நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, புதுச் சேலை கட்டி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மைக்கில் வாசிக்கிறார்கள்: "மறைந்த லூர்தம்மாளின் ஆன்மா இளைப்பாற..."

1980-களில் எங்கள் கோயில் வெறும் கீற்றுக் கொட்டகை. கட்டடம் எழும்பியபோது தினமும் பூசை முடிந்து தலையில் செங்கல் சுமந்தவர் இவர். 1990-களில் முழங்கால் அளவு மழைத்தண்ணீரிலும் ஜெபமாலை சொல்ல வந்தவர். அவரையா?

நேரே கோயில் ஆபீசுக்குப் போனேன். "இன்னா சார், உயிரோட கீறவங்கள சாவடிச்சிட்டியே!"

கிளார்க் தலையைச் சொறிந்தார். "வயசு தொண்ணூறுன்னு இருந்துச்சுண்ணா. நன்றிப் பூசைன்னு தப்பா எழுதிட்டாங்களோன்னு நான்தான் திருத்தினேன்."

திருத்தினாராம்!

பின்னாலேயே லூர்தம்மா வந்துவிட்டார். "நான் போனப்புறம் வைக்க வேண்டியத இன்னிக்கே வெச்சிட்ட. அது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு நன்றிப் பூசைய வை. சத்தமா வாசி."

எனக்கே ஐம்பத்தைந்து நெருங்குகிறது. உங்கள் கோயிலில் எத்தனை வயது வரை உயிரோடு இருக்க விடுகிறார்கள்? சொல்லுங்கள், அங்கே மாறி வந்துவிடுகிறேன்.