வேடியப்பனுக்கு முதல் பத்திரிகை

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்கக் கூடப் போயிருந்தேன். எங்கே தெரியுமா? அருங்காட்சியகத்துக்கு.

மாதையன் தொப்பூர்ப் பக்கத்து விவசாயி. மகள் கல்யாணத்தின் முதல் பத்திரிகையைக் குலசாமி வேடியப்பனுக்கு வைத்தாக வேண்டும். சாமி என்பது ஒரு நடுகல் - ஊரைக் காக்கச் செத்தவனுக்கு நட்ட கல். ரோட்டை அகலப்படுத்தியபோது அதைப் பெயர்த்து எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். சாமிக்கு வைக்காமல் சொந்தக்காரர்களுக்கு எப்படிக் கொடுப்பது? அச்சடித்த பத்திரிகைகள் கட்டுப் பிரிக்காமல் வீட்டிலேயே கிடந்தன.

என் தோழி ஷாஹிதா நூலகர். நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் - மூன்றின் பட்டியல்களையும் இணையத்தில் ஒன்றோடொன்று இணைக்கும் வேலையில் இருக்கிறார். ஒவ்வொரு பொருளுக்கும் ஊருக்கும் ஆளுக்கும் நிரந்தரமாக ஓர் எண், நம் ஆதார் மாதிரி. இங்கே இருக்கும் போட்டோவும் அங்கே இருக்கும் கல்லும் ஒன்றுதான் என்றால் இரண்டையும் சேர்த்துவிடலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம்.

மாதையனுக்காக அதில் தேடினோம். தொப்பூர்ப் பக்கத்து வேடியப்பன், அருங்காட்சியகக் கூடத்தில் இருப்பதாகக் காட்டியது. மாதையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கல்லைக் கண்டதும் பத்திரிகையைக் கீழே வைத்து, தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து நிதானமாகப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"இது எங்க சாமி இல்லீங்க. எங்களுது புலியக் குத்துற சாமி. இவரு மாடு மீட்டவரு."

எங்கே தப்பு? நம் பக்கத்தில் பல ஊர்களில் நடுகல் என்றாலே வேடியப்பன்தான். ஷாஹிதாவின் குழு அத்தனை வேடியப்பன்களையும் ஒரே ஆளாக நினைத்து, ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டது. கூடத்தில் இருந்த கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கல்லும் தொப்பூர்ப் பக்கத்துச் சாமியும் ஒன்றாகிவிட்டன. கம்ப்யூட்டரைக் குறை சொல்லி என்ன செய்ய? நாம் சொன்னதைத்தானே அது நம்பும்...

ஷாஹிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து அந்த இணைப்பை நீக்கினார். பெயரை விட்டுவிட்டுப் புலியை வைத்துத் தேடினார். காப்பகத்தில் மாதையன் ஊர்ப் பெயரோடு ஒரு பழைய போட்டோ - புலியைக் குத்தும் வீரன், இடது மூலை உடைந்த கல். அருங்காட்சியகப் பட்டியலிலும் புலியோடு ஒரு வீரன், அதே உடைந்த மூலை. 'கிடைத்த இடம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷமாக இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை!

கல் அங்கேயே பின்பக்க முற்றத்தில் இருந்தது. மாதையன் அந்த உடைந்த மூலையைத் தடவிக்கொண்டே நின்றார். அழுதார். கல்லை ஊருக்குத் திருப்பித் தருவார்களா? தெரியாது. அன்றைக்கு அவர் அதைக் கேட்கவும் இல்லை. பையிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்து வைத்தார்.

வெளியே வரும்போது, கூடத்தில் சாமி மாறி வைத்த பத்திரிகையை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் குனிந்தேன். மாதையன் தடுத்தார்.

"வெச்சத எடுக்க வேணாங்க. இவரையும் அவங்க ஊர்ல யாராச்சும் தேடிக்கிட்டுத்தான இருப்பாங்க."

ஷாஹிதா கம்ப்யூட்டரில் நீக்கிய இணைப்பை, மாதையன் ஒரு பத்திரிகையாக அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.