அழுத்தாமல் விட்ட கடிகாரம்

மணலூர்பேட்டையிலிருந்து செஸ் போட்டிக்கு வரும் ஒரு பஸ் கண்டக்டர் அண்ணனிடம் ஐந்து முறை ஆடி, ஐந்து முறையும் தோற்றவன் நான். ஆறாவது முறை கள்ளக்குறிச்சியில், ஒரு கல்யாண மண்டபத்தில், கடைசிச் சுற்றில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பரிசெல்லாம் வேறு யார் யாருக்கோ என்று முன்பே முடிவாகிவிட்டது. எனக்கு இந்த மனிதரை ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசையில் இரண்டு நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஆட்டம் சமமாகத்தான் போனது. அவருக்குப் பத்து நிமிஷம் மிச்சம், எனக்கு இருபது; யாருடைய நேரம் தீர்கிறதோ அவருக்குத் தோல்வி. அப்போது அவர் குதிரையை நகர்த்தினார், அதைத் தாளில் எழுதினார், கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டு அடுத்த மேஜை ஆட்டத்தை வேடிக்கை பார்க்க எழுந்து போனார். அழுத்தினால்தான் அவர் நேரம் நின்று என் நேரம் ஓடும். ஆட வேண்டியவன் நான், ஓடிக்கொண்டிருந்ததோ அவருடைய நேரம்.

சொல்லியாக வேண்டும் என்று விதி இல்லை. நான் சொல்லவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு பலகையையே முறைத்தேன். நடுவர் வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதில் வாயைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை, நகர்ந்துவிட்டார். உள்ளுக்குள் எனக்கு ஒரே கும்மாளம்.

அண்ணன் திரும்பி வந்தபோது கையில் இரண்டு டீ. ஒன்றை என் பக்கம் வைத்தார்.

“ரொம்ப நேரமா யோசிச்சிக்கினே இருக்கீங்க. குடிச்சிட்டு நிதானமா ஆடுங்க,” என்றார் மெதுவாக.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு நெற்றியை இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கொண்டேன்.

கடிகாரம் அவர் கண்ணில் பட்டபோது இரண்டு நிமிஷம்தான் மிச்சம். டக்கென்று அழுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இனி இவரை யோசிக்கவே விடக்கூடாது என்று நான் மடமடவென ஆடினேன். நான்காவது நகர்த்தலில், ராணியைக் கொண்டுபோய் அவருடைய குதிரை வெட்டும் கட்டத்திலேயே வைத்துவிட்டேன். கையை எடுத்த பிறகுதான் உறைத்தது. எட்டு நிமிஷம் யோசிப்பதுபோல் நடித்தேனே தவிர, ஆட்டத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினேன்.

குலுக்கியபடியே கேட்டார்: “உங்களுக்குத்தான் இருபது நிமிஷம் இருந்துச்சே, இன்னாத்துக்குங்க அவ்ளோ அவசரம்?”

முகத்தில் துளிகூடக் கிண்டல் இல்லை. கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.