மெலிந்தவளுக்கு வந்த கொழுப்பு

இரத்தம் எடுப்பது என் தொழில். எடுத்த இரத்தம் பொய் சொல்லாது, கொடுத்தவர்தான் சொல்வார். இரண்டாம் சோதனையின் முடிவு வந்த அன்று பரந்தனில், எங்கள் சிகிச்சை நிலையத்தின் முன்னறையில் இருந்தவர்கள் ஐவர்: சந்தியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் திலகம், அவள் கணவன் சிவராசா, சிவராசாவின் தமக்கை மகேஸ்வரி, கடைக்கு மீன் கொண்டுவரும் றெஜினா, தாதியாகிய நான். ஏன் கூடினோம் என்பதை முறையாகச் சொல்கிறேன். ஐம்பதைத் தொட்டு, காரணமின்றி வியர்த்து, தலையணையைத் திருப்பித் திருப்பிப் போடும் சகோதரிகளே, இது உங்களுக்கும் உரியது. எனக்கும் உரியதாகவே இருந்தது.

பாலும் பழமும்

போரில் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணம் போகும் ஏ ஒன்பது பாதை திறந்த பின்னர் திலகத்தின் கடையில் கூட்டம் ஓயவில்லை. ஆனால் மாதவிடாய் நின்று ஓராண்டு கழிவதற்குள், தண்ணீர்க் குடம் தூக்கினாலே அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அவளுடைய தாய் ஏறக்குறைய அதே வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். முதல் நாள் இரவுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல் வரும்படி சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் திருநீறோடு வந்து கையை நீட்டினாள்.

இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஊனீர், தெளிந்திருக்க வேண்டியது, கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. எதுவும் உண்ணவில்லை என்று சத்தியம் செய்தாள். வெள்ளி விரதக்காரி ஆயிற்றே என்று நினைவு வர, விடியற்காலையில் என்ன எடுத்தாய் என்று கேட்டேன். ஒரு குவளை ஆட்டுப்பால், இரண்டு கதலிப் பழம். சோறு நாவில் படும்வரை விரதம் முறிவதில்லை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. மாதிரியைக் கொட்டிவிட்டு, திங்கட்கிழமை வெறுந்தண்ணீர் மட்டும் குடித்து வரச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சோறு படாத வாய், மிஸ்ஸி. பிள்ளையாரே ஏற்றுக்கொள்ளுறார், உங்கட மெசினுக்கு மட்டும் என்ன வந்தது?"

கலியாண வீட்டுத் தீர்க்கதரிசனம்

திங்கட்கிழமை இரத்தம் பனிக்கட்டிக் குடுவையில் வவுனியா ஆய்வுகூடத்துக்குப் பேருந்தேறியது. முடிவு நல்லதாக இல்லை. கெட்ட கொழுப்பும் மிகுதி, இரத்தத்தில் மிதக்கும் மற்றக் கொழுப்பும் மிகுதி. வைத்தியர் இதயத் துடிப்பைப் பதிந்து பார்த்தார். அதில் கோளாறு இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்போம் என்றார்.

உடன் வந்த மகேஸ்வரி நம்பவில்லை. ஈர்க்குப்போல இருப்பவளுக்குக் கொழுப்பா என்று கேட்டார். நான் விளக்கினேன்: மாதவிடாய் உள்ளவரை சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து அகற்ற ஈரலுக்கு உதவுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அந்த உதவி குறைந்துபோகிறது. உணவு மாறாவிட்டாலும் கொழுப்பு ஏறலாம். மெலிந்தவள், பருத்தவள் என்று அது ஆள் பார்ப்பதில்லை.

சிவராசா பயந்த மனிதர். கடையைத் தமக்கையின் மகனிடம் விட்டுவிட்டுத் திலகம் வீட்டில் இருக்கட்டும் என்றார். அது தமக்கை ஏற்கெனவே அவர் காதில் போட்டுவைத்த யோசனை. திலகம் மூன்று மாத அவகாசம் கேட்டாள்: கொழுப்பு இறங்கினால் கடை தனக்கு, இறங்காவிட்டால் மருமகனுக்கு. மகேஸ்வரி எழுந்து சேலையை உதறினார்.

"உவளுக்குக் கொழுப்பு எண்டு நான் கலியாண வீட்டிலேயே சொன்னனான். ஆராவது நம்பினியளே?"

சட்டி வழித்தல்

அவள் என்ன உண்கிறாள் என்று கேட்டால் விடை வராது என்பதால், நானே ஒரு மத்தியானம் கடைக் குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டுக் கோப்பையில் அவள் போட்டுக்கொண்டது கோழிக்குஞ்சின் தீனி. பிறகு, கடைசி வாடிக்கையாளர் கை கழுவியதும், கறிச்சட்டிகளை இறக்கினாள். தேங்காய் முதற்பாலும் எண்ணெயும் திரண்டு ஒட்டிய அடிச்சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டு வழித்து உண்டாள். ஆட்டிறைச்சிச் சட்டி, கத்தரிக்காய்ச் சட்டி, பருப்புச் சட்டி. அது சாப்பாட்டுக் கணக்கில் சேராதாம். சட்டி கழுவும் வேலையில் சேருமாம்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஒரு தேங்காயை ஏழு நாளுக்கும் வகுத்துச் சமைத்தவளுக்கு எறிவது பாவம். அதை நான் பழிக்க மாட்டேன், நானும் வகுத்தவள்தான். ஆனால் சட்டி அவளைக் கொல்லவிடவும் மாட்டேன். கறிக்கு இரண்டாம் பால் போதும், மீனுக்குப் புளி போதும், வழிக்க மிஞ்சாதபடி அளந்து சமை என்றேன். அப்படியும் மிஞ்சினால் என்ன செய்வது என்று திலகம் கலங்கினாள். வாசலில் மீன் நிறுத்துக்கொண்டிருந்த றெஜினா தீர்ப்புச் சொன்னாள்.

"எறிய மனமில்லையெண்டு வயித்துக்குள்ளையோ எறியிறது, அக்கா? என்ர நாய்க்குத் தாங்கோ. அது கடுவன், அதுக்கு மாதவிடாய் நிக்கிற பிரச்சினை வராது."

வாய்க்கால் கரை

நடக்கச் சொன்னபோது, நாள் முழுவதும் காலில்தானே நிற்கிறேன் என்றாள். நிற்பது நடை ஆகாது என்றேன். மறுநாள் முதல், அடுப்பு மூட்டுமுன் றெஜினாவையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் விரைந்து நடந்தாள். கையில் பையின்றி, கடகமின்றி, விடியற்காலையில் இரண்டு பெண்கள் விரைந்து போவதை ஊர் ஒரே காரணத்துக்காகத்தான், இழவுக்காகத்தான், கண்டிருக்கிறது. வயலுக்குப் போன ஒருவர் சைக்கிளை விட்டிறங்கி, சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, ஆர் மோசம் போனது என்று துக்கக் குரலில் விசாரித்தார். திலகம் நடையை நிறுத்தாமலே விடை கொடுத்தாள்.

"ஒருத்தரும் இல்லை, அண்ணை. ஒருத்தரும் மோசம் போகக்கூடாதெண்டுதான் நடக்கிறம்."

கண்ணாடி இல்லாத வாசிப்பு

மூன்று மாதம் முடிந்து திலகம் இரத்தம் கொடுக்க வந்த காலை, மகேஸ்வரியும் பட்டினியாக வந்து கதிரையில் அமர்ந்தார். "எனக்கும் எடுங்கோ, மிஸ்ஸி. நான் முதற்பாலிலை இறைச்சி தின்னுறன், ஒரு அடி நடக்கிறதில்லை. ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாப்பம்."

முடிவு வந்த அன்றுதான் நாங்கள் ஐவரும் கூடினோம். திலகத்தின் கெட்ட கொழுப்பு, வைத்தியர் கேட்ட அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. சிவராசா தாளை இருமுறை பார்த்து, தொண்டையைச் செருமி, கடைச் சாவி உன்னிடமே இருக்கட்டும் என்றார். திலகம் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "இருக்கட்டும் எண்டு நீங்கள் தாறியளோ? அது எப்பவும் இஞ்சதான் கிடந்தது."

மகேஸ்வரியின் தாளை நான் மடித்து அவர் கையில் மட்டும் கொடுத்தேன். அவர் அதை றெஜினாவிடம் நீட்டி, கண்ணாடி வீட்டில் கிடக்கிறது, எல்லாருக்கும் கேட்க வாசி என்றார். றெஜினா வாசித்தாள். திலகத்தின் முதல் முடிவையும் தாண்டி நின்றது எண். ஒருவரும் சிரிக்கவில்லை, றெஜினா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு மீன் கூடையைப் பார்த்தாள். திலகம் கதிரையைச் சற்று நகர்த்தி வழிவிட்டாள். மகேஸ்வரி எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். வீட்டுப் பக்கம் இல்லை, வாய்க்கால் கரைப் பக்கம்.

நல்ல மருந்துகள் பல உண்டு, சகோதரிகளே; ஆனால் தம்பி மனைவியான மச்சாளின் எண்ணைவிடக் கூடிவந்த சொந்த எண்ணுக்கு நிகரான ஒன்றை என் தொழிலில் நான் கண்டதில்லை.